"திடீரென வெடித்தது"ன்னு எழுதாதீங்க சார்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

நான் உங்க பேப்பர ரொம்ப வருஷமா விடாம படிக்கிறவன். பெயிண்ட், பிரிண்டிங் இங்க் தயாரிக்கிற கம்பெனிகள்ல சால்வென்ட் ஸ்டோர்லயே, அதாவது பெயிண்ட், இங்க் எல்லாம் கரைக்கிற திரவங்கள வெக்கிற எடத்துலயே, 27 வருஷம் வேலை பார்த்துட்டு இப்ப ரிட்டயர் ஆகி வீட்ல இருக்கேன். கெமிக்கல் டிரம் வெடிச்சு ஒருத்தர் பலி, ரெண்டு பேர் படுகாயம்னு செய்தி எந்தப் பக்கத்து மூலைல இருந்தாலும் என் கண்ணு நேரா அங்கதான் போகுது. போனா அந்த ஒரு வார்த்தை கண்டிப்பா இருக்கும். "திடீரென". காலி டிரம் திடீரென வெடித்தது. எந்தப் பேப்பரா இருந்தாலும் இதே வார்த்தைதான், அதனால உங்கள மட்டும் குறை சொல்றேன்னு எடுத்துக்காதீங்க. ஆனா அந்த வார்த்தையால நெறைய பேருக்கு உயிர் போகுதுன்னு நான் நெஜமாவே நம்புறேன், அதான் எழுதுறேன்.

டிரம் திடீர்னு வெடிக்காது சார். அது வெடிக்கிறதுக்கு தயாரா பல நாளா நின்னுட்டு இருந்திருக்கும், பக்கத்துல போறவங்களுக்குத்தான் தெரிஞ்சிருக்காது.

எனக்கு நல்லா தெரிஞ்ச ஒரு திரவத்த வெச்சே சொல்றேன், டொலுவீன். தின்னர்ல இருக்கும், பெயிண்ட்ல இருக்கும், ரப்பர் ஒட்டுற பசைல இருக்கும், பிரிண்டிங் இங்க்ல இருக்கும். பார்க்க தண்ணி மாதிரியே தெளிவா இருக்கும், லேசா ஒரு தித்திப்பு வாசனை அடிக்கும். இதோட ஃபிளாஷ் பாயிண்ட் 4 டிகிரி செல்சியஸ். அதாவது 4 டிகிரி சூடு இருந்தாலே போதும், திரவத்துக்கு மேல நிக்கிற ஆவி ஒரு பொறி பட்டா குப்னு பத்திக்கும். 4 டிகிரிங்கிறது ஃப்ரிட்ஜுக்குள்ள இருக்கிற குளிர். அப்ப சாதாரணமா ஒரு ஷெட்டுல நிக்கிற டிரம் எந்த நிலைமைல இருக்கும்னு பாத்துக்கோங்க. இங்க முக்கியமா ஒண்ணு புரிஞ்சுக்கணும், எரியுறது திரவம் இல்ல, ஆவி. அந்த ஆவி காத்துல 100-க்கு 1.1 பங்கு இருந்தா எரிய ஆரம்பிக்கும், 7.1 பங்குக்கு மேல போயிட்டா காத்து பத்தாம எரியாது. இந்த ரெண்டுக்கும் நடுவுல இருந்தா மூடின இடத்துல அது வெடிதான்.

பெட்ரோலத்தான் எல்லாரும் பயப்படுறாங்க, பயப்படணும்தான், ஆனா மூடி வெச்ச பெட்ரோல் டாங்குக்குள்ள ஆவி ரொம்ப அடர்த்தியா இருக்கும், சாதாரண சூட்டுல 7, 8 பங்கையெல்லாம் தாண்டி எங்கயோ போயிடும், அதனால டாங்குக்கு உள்ள எரியுறதுக்கு காத்து பத்தாது. டொலுவீன் அப்படி இல்ல. 20 டிகிரில டிரம்முக்குள்ள திரவத்துக்கு மேல இருக்கிற காலி இடத்துல 100-க்கு கிட்டத்தட்ட 3 பங்கு ஆவி நிக்கும், 30 டிகிரில 5 பங்குக்கு கொஞ்சம் கம்மியா நிக்கும். மனுஷன் வேலை செய்யற சூடு பெரும்பாலும் அந்த 1.1-க்கும் 7.1-க்கும் நடுவுல கச்சிதமா விழுது. பாதி டொலுவீன் இருக்கிற டிரம்ம மூடி வெச்சிருந்தா அதோட மேல் பாதி பெரும்பாலும் வெடிக்கத் தயாரான கலவை. இத எனக்கு சொல்லித் தந்தவர் ஒரு பழைய ஸ்டோர் கீப்பர். நான் வேலைக்கு சேர்ந்து ஆறு வருஷம் கழிச்சுத்தான் சொன்னார். அதுவரைக்கும் இது தெரியாமலே டிரம்ம உருட்டிட்டு இருந்திருக்கேன்.

சரி, காலி டிரம்முக்கு வர்றேன். காலி டிரம்னு நாம சொல்றது பம்ப் வெச்சு எடுத்தது போக, கவுத்து வடிச்சது போக மிச்சம் ஒண்ணும் வராதது. 200 லிட்டர் டிரம் முழுக்க வெடிக்கிற அளவுக்கு ஆவி நிறையணும்னா எவ்ளோ டொலுவீன் வேணும்னு ஒருநாள் உக்காந்து கணக்கு போட்டுப் பாத்தேன், சுமார் 10 மில்லி வருது. ரெண்டு டீஸ்பூன் சார். டிரம்மோட அடில சுத்தி ஒரு மடிப்பு இருக்கும் பாருங்க, தகட்ட மடிச்சு அழுத்தி வெச்சிருப்பாங்களே, அந்த மடிப்புக்குள்ளயே ரெண்டு டீஸ்பூனுக்கு மேல தங்கும், கவுத்தாலும் வராது. நிறைஞ்ச டிரம்ல எரியறதுக்கு திரவம் நெறைய இருக்கு, ஆவிக்கு இடம் கொஞ்சம்தான். காலி டிரம்ல 200 லிட்டரும் ஆவிதான். அதனாலதான் எங்க ஸ்டோர்ல நிறைஞ்சத விட காலிக்குத்தான் அதிகமா பயப்படுவோம், காலியானாலும் மூடிய இறுக்கி லேபிள கிழிக்காம தனியா வெப்போம்.

இப்ப நான் கண்ணால பாத்தத சொல்றேன், எங்க நடந்துச்சு, எந்த கம்பெனின்னு சொல்லப் போறதில்ல.

தண்ணி புடிச்சு வெக்க தொட்டி வேணும்னு சொல்லி ஒரு காலி டிரம்ம பாதியா வெட்டச் சொல்லிருந்தாங்க. அந்த டிரம் மூணு மாசமா வெளியதான் கிடந்துச்சு, அதனால உள்ள என்ன இருக்கப் போகுதுன்னு எல்லாருக்கும் ஒரு நெனப்பு. வெல்டர் அண்ணன் டிரம்ம படுக்க வெச்சு நடுவுல சாக்பீஸ்ல கோடு போட்டார். கூட ஒரு ஹெல்ப்பர் பையன், 19 வயசு. டிரம் உருளாம இருக்கணும்னு அடித்தட்டு பக்கமா உக்காந்து காலை நீட்டி முட்டு கொடுத்து புடிச்சிருந்தான். கிரைண்டர் வீல் தகட்டுல பட்டு ஒரு நாலு விரல் அளவு கோடு விழுந்திருக்கும், அவ்ளோதான். சத்தம் கேட்டு நான் ஸ்டோர்லேர்ந்து ஓடி வர்றேன், நெருப்பே இல்ல. புகைகூட பெருசா இல்ல. அடித்தட்டு மட்டும் மடிப்போட பிரிஞ்சு போய் எதிர் செவத்துகிட்ட கிடந்துச்சு, தட்டையா இருந்த தகடு சட்டி மாதிரி குழிஞ்சிருந்துச்சு. அது போன வழில அந்தப் பையனோட கால் இருந்துச்சு சார். வெல்டர் அண்ணனுக்கு கையில தீக்காயம், கொஞ்ச மாசத்துல ஆறிடுச்சு. பையனுக்கு முட்டிக்கு கீழ எடுக்க வேண்டியதாப் போச்சு.

மறுநாள் பேப்பர்ல நாலு வரி வந்துச்சு. காலி டிரம் திடீரென வெடித்ததுன்னு.

மூடின இடத்துல இந்த மாதிரி ஆவி எரிஞ்சா உள்ள பிரஷர் காத்தழுத்தத்த போல 7, 8 மடங்கு வரைக்கும் ஏறும், அதுவும் கண்ண மூடித் திறக்கிறதுக்குள்ள. டிரம் அதுக்கு செஞ்ச பாத்திரமே இல்ல, மடிப்புதான் முதல்ல விட்டுக் கொடுக்கும், தட்டு பறக்கும். நின்னுட்டு இருக்கிற டிரம்மா இருந்தா அடித்தட்டு கழண்டு டிரம்மே மேல கிளம்பும். அதனால வெட்டுறவரு நேரா குனிஞ்சு பாக்குறாரா, பக்கத்துல யார் நிக்கிறாங்கங்கிறதுல இருக்கு யாரு பொழைக்கிறாங்கங்கிறது.

இதுல இன்னொரு விஷயம் இருக்கு, இத பெருசா எழுதினீங்கன்னா ரொம்ப நல்லது. தண்ணி ஊத்திக் கழுவிட்டா போதும்னு நெறைய பேர் நம்புறாங்க. டொலுவீன் தண்ணில கரையாது, கரையுறதே ஒரு லிட்டருக்கு அரை கிராம்தான். தண்ணிய விட லேசு, மேல மிதக்கும், தண்ணிய கொட்டும்போது பாதி வெளிய போகும் மீதி செவத்துல ஒட்டிக்கும், மடிப்புக்குள்ள இருக்கிறது அசையவே அசையாது. அதுக்கு மேல பெயிண்ட், ரெசின் ஏதாவது காஞ்சு ஒட்டியிருந்தா ஆவி இருக்கான்னு காட்டுற கேஸ் மீட்டர் வெச்சுப் பாத்தப்ப ஒண்ணும் இல்லாம இருந்தாலும் தகடு வெட்டுற கேஸ் டார்ச்சோட சூடு படும்போது அதுலேர்ந்து புதுசா ஆவி கிளம்பும். மூடிய தொறந்து வெச்சு நாலு நாள் வெயில்ல போட்டா போயிடும்னு சொல்றதும் தப்பு, இந்த ஆவி காத்த விட 3 மடங்கு கனம், மேல இருக்கிற சின்ன ஓட்டை வழியா தானா எழும்பிப் போகாது, அடிலயே படுத்துக் கிடக்கும். வெட்டாதீங்க, அதுதான் நான் சொல்றது. டிரம்ம சுத்தம் பண்றதுக்குன்னே இருக்கிறவங்ககிட்ட கொடுத்துடுங்க. வெட்டியே தீரணும்னா ஸ்டீம் போட்டு சுத்தம் பண்ணி, மீட்டர்ல பாத்து, வெட்டுற எடம் வரைக்கும் தண்ணி நிரப்பி, இல்லன்னா உள்ள நைட்ரஜன் அடிச்சு, பெர்மிட் போட்டு தெரிஞ்சவங்க செய்யற வேலை அது. கிரைண்டர் இருக்கிற எல்லாரும் செய்யற வேலை இல்ல.

அடுத்து பேப்பர்ல வர்ற இன்னொரு வார்த்தை "மர்மமான முறையில் தீப்பிடித்தது". பக்கத்துல நெருப்பே இல்ல, யாரும் பீடி பத்த வெக்கல, கரண்ட் கூட இல்ல, ஆனா டிரம்லேர்ந்து வாளிக்கு ஊத்தும்போது பத்திக்கிச்சுன்னு படிச்சா ஸ்டோர்ல வேலை பார்த்தவனுக்கு அதுல மர்மம் ஒண்ணும் இருக்காது. ஸ்டாடிக் கரண்ட். டொலுவீன் பைப்புல ஓடும்போதும் மேலேர்ந்து சளசளன்னு விழும்போதும் அதுல ஸ்டாடிக் சேரும், இது கரண்ட கடத்தாத திரவங்கிறதால சேர்ந்தது சீக்கிரம் வெளிய போகாது. டொலுவீன் ஆவிய பத்த வெக்க 0.24 மில்லிஜூல் போதும். நாம கதவு கைப்பிடிய தொடும்போது சுருக்குனு அடிக்குதே, அத நம்மால உணர முடியற அளவே சுமார் 3000 வோல்ட்டுலேர்ந்துதான், அந்த சுருக்குலயே இதுக்கு மேல சக்தி இருக்கு. நமக்கு ஒண்ணுமே தெரியாத பொறி அதுக்கு தாராளம்.

அதனாலதான் டிரம்முக்கும் வாளிக்கும் நடுவுல ஒயர் போட்டு ரெண்டையும் எர்த் பண்ணச் சொல்றது. பிளாஸ்டிக் வாளிய எர்த் பண்ண முடியாது, எங்க கிளாம்ப் மாட்டினாலும் பிரயோஜனம் இல்ல, அதனால பிளாஸ்டிக் வாளில டொலுவீன் புடிக்கவே கூடாது. இரும்பு வாளியா இருந்தாலும் கிளாம்ப் மாட்டுற எடத்துல பெயிண்ட் இருந்தா அது எர்த் ஆகாது. நான் வேலைக்கு சேர்ந்த புதுசுல தெனமும் ஒழுங்கா கிளாம்ப் மாட்டுவேன், ஒருநாள் மெயின்டனன்ஸ்ல இருந்த ஒரு அண்ணன் மீட்டர் கொண்டு வந்து வெச்சுக் காட்டினார், முள்ளு அசையவே இல்ல. கிளாம்ப்போட பல்லு பெயிண்ட் மேலதான் உக்காந்திருந்துச்சு, தகட்டத் தொடவே இல்ல. அன்னைக்கே அரம் எடுத்து எல்லா டிரம் ஸ்டாண்டுலயும் ஒரு ரூபா காசு அளவுக்கு பெயிண்ட சுரண்டி பளபளன்னு தகடு தெரியற மாதிரி பண்ணேன், அப்புறம் 20 வருஷம் வாரத்துக்கு ஒருக்கா அந்த எடத்த துணியால தொடைச்சு பாத்துட்டுத்தான் வேற வேலை. ஊத்தும்போது குழாய் வாளியோட அடிய தொடணும், மெதுவா ஓடணும், மேலேர்ந்து விழக் கூடாது, முடிஞ்சதும் உடனே அளவு கோல விடாம கொஞ்ச நேரம் காத்திருக்கணும்.

எர்த் பண்ணிட்டாலே எல்லாம் ஆச்சுன்னும் சொல்ல முடியாது. 2007 ஜூலை 17-ல அமெரிக்காவுல கான்சஸ் மாகாணத்துல வேலி சென்டர்ங்கிற ஊர்ல ஒரு சால்வென்ட் டிப்போ வெடிச்சு எரிஞ்சுது, ஊரையே காலி பண்ண வேண்டி வந்துச்சு. லாரிலேர்ந்து டாங்குக்கு நாப்தாங்கிற சால்வென்ட்ட ஏத்திட்டு இருந்தாங்க, லாரி, டாங்க் எல்லாம் எர்த் பண்ணித்தான் இருந்துச்சு. டாங்குக்கு உள்ள அளவு காட்டுற மிதவை ஒண்ணு இருக்கும், அதோட இணைப்பு லூசா இருந்ததால அது மட்டும் எர்த் ஆகாம தனியா நின்னு, அங்கதான் பொறி அடிச்சிருக்குன்னு விசாரணைல முடிவு பண்ணாங்க. அந்த நாப்தாவும் டொலுவீன் மாதிரியேதான், சாதாரண சூட்டுல டாங்குக்கு உள்ள வெடிக்கிற கலவையா நிக்கிற ஜாதி. மர்மம்னு விட்டுட்டுப் போயிருந்தா இது யாருக்குத் தெரிஞ்சிருக்கும்?

"மின்கசிவு"ம் இதே கதைதான். ஒரு லிட்டர் டொலுவீன் கொட்டி முழுசா ஆவியானா சுமார் 20 கன மீட்டர் காத்த எரியற கலவையா மாத்தும், அது ஒரு சின்ன ரூம் அளவு. கனமான ஆவிங்கிறதால ரூம் முழுக்க நிறையணும்னுகூட இல்ல, தரையோட தரையா தண்ணி மாதிரி ஓடி கேபிள் போற பள்ளத்துக்குள்ள எறங்கி 10 மீட்டர் தள்ளி இருக்கிற மோட்டார் ஸ்விட்ச் வரைக்கும் போகும். அங்க பத்தி நெருப்பு திரும்பி கொட்டின எடத்துக்கே ஓடி வரும். பாத்தவங்க ஸ்விட்ச்சுலேர்ந்து நெருப்பு வந்துச்சுன்னுதான் சொல்வாங்க, அது பொய் இல்ல, ஆனா காரணம் அங்க இல்ல, மூடாம விட்ட டிரம்லயோ தொடைச்சுப் போட்ட வேஸ்ட் துணிலயோ இருக்கு.

பத்திக்கிட்டா தண்ணிய பீச்சி அடிக்கிறதும் வேண்டாம், எரியற டொலுவீன் தண்ணி மேல மிதந்து இன்னும் நாலு பக்கம் போகும். ஃபோம், டிரை பவுடர், சின்ன தீயா இருந்தா கார்பன் டை ஆக்சைடு. பக்கத்துல இருக்கிற டிரம்கள குளிர வெக்க மட்டும் தண்ணிய தூவலா அடிக்கலாம், அதுவும் தூரத்துலேர்ந்து.

மூச்சு விஷயம் ஒண்ணு சொல்லிட்டு முடிச்சுக்கிறேன், ஏன்னா இதுல கம்பெனில இருக்கிற படிச்சவங்களே தப்பு பண்றாங்க. டாங்குக்குள்ள எறங்குறதுக்கு முன்னாடி எல்இஎல் மீட்டர் விட்டுப் பாப்பாங்க. அது வெடிக்கிற அளவுல எத்தன சதவீதம் இருக்குன்னு காட்டுற மீட்டர். 5-ன்னு காட்டும், 10-க்கு கீழதான் இருக்கு, எறங்குன்னு சொல்லிடுவாங்க. வெடிக்கிற அளவு 1.1 சதவீதம்னா அது பத்து லட்சத்துல 11,000 பங்கு, அதுல 5 சதவீதம்னா 550 பங்கு. டொலுவீனுக்கு 500 பங்கு தாண்டினாலே உயிருக்கும் உடம்புக்கும் உடனே ஆபத்துன்னு வரையறுத்து வெச்சிருக்காங்க. வெடிக்காது, ஆனா உள்ள போன ஆளுக்கு தலை சுத்தும், ஏணிப்படி எதுன்னு தெரியாத மாதிரி குழம்பும், விழுந்துடுவார். அவரக் காப்பாத்த இன்னொருத்தர் எறங்குவார். "விஷவாயு தாக்கி இருவர்"னு வர்ற செய்தில ரெண்டாவது ஆள் பெரும்பாலும் இப்படி எறங்கினவர்தான். வாசனை அடிக்கல, அதனால ஒண்ணும் இல்லைன்னும் நம்பாதீங்க, கொஞ்ச நேரத்துல மூக்கு பழகிடும், வாசனை தெரியாமப் போகும். குழாய வாய்ல வெச்சு உறிஞ்சி எடுக்கிற பழக்கத்தையும் விடணும், ஒரு மடக்கு நுரையீரலுக்குள்ள போனாலே பெரிய ஆபத்து, தப்பித் தவறி முழுங்கிட்டாலும் வாந்தி எடுக்க வெக்காம ஆஸ்பத்திரிக்கு கூட்டிட்டு போகணும்.

ஆசிரியர் சார்கிட்ட நான் கேக்குறது பெருசா ஒண்ணும் இல்ல. அடுத்த தடவ இப்படி ஒரு செய்தி வந்தா உங்க ரிப்போர்ட்டர ரெண்டு கேள்வி கேக்கச் சொல்லுங்க. டிரம்ல அதுக்கு முன்னாடி என்ன திரவம் இருந்துச்சு, வெடிக்கும்போது அதுல என்ன வேலை நடந்துட்டு இருந்துச்சு. லேபிள்ல யுஎன் 1294-ன்னு இருந்தா அது டொலுவீன், எந்த நாட்டு டிரம்மா இருந்தாலும் அதே நம்பர்தான், ஃபயர் சர்வீஸ்காரங்க பாத்ததும் சொல்லிடுவாங்க. அந்த ரெண்டு பதில நாலு வரிக்குள்ள போட்டாலே "திடீரென"ங்கிற வார்த்தைக்கு வேலை இருக்காது. படிக்கிறதுல யாராவது ஒருத்தர் அன்னைக்கு டிரம் வெட்டுறதா இருந்தவரா இருப்பார்.

அந்தப் பையன் இப்ப பையன் இல்ல, கல்யாணம் ஆகி ரெண்டு புள்ளைங்க, செயற்கைக் கால் வெச்சு நடக்கிறான், ஒரு வொர்க்‌ஷாப்புல ஸ்டோர் பாத்துக்கிறான். போன மாசம் பாத்தப்பதான் ஒண்ணு சொன்னான், இத்தன வருஷத்துல எங்கிட்ட சொன்னதே இல்ல. அன்னைக்கு காலைல அந்த டிரம்ம அவன்தான் கழுவினானாம். மூணு தடவ தண்ணி ஊத்தி உருட்டி உருட்டிக் கழுவி, மோந்து பாத்துட்டு, வாசனை இல்லண்ணான்னு வெல்டர் அண்ணன்கிட்ட அவன்தான் சொன்னானாம். சரியா கழுவாம விட்டுட்டோம், நம்ம தப்புதான், அண்ணன் கைல தீக்காயம் பட்டதும் நம்மாலதான்னு இவ்ளோ வருஷமா மனசுக்குள்ளயே வெச்சிருக்கான். மூணு தடவ இல்லடா, முப்பது தடவ கழுவியிருந்தாலும் அது தண்ணில போகாதுன்னு நான் சொன்னப்ப அவன் ரொம்ப நேரம் ஒண்ணுமே பேசல. அப்புறம் "இத யாருமே எங்கிட்ட சொல்லலயேண்ணா"ன்னான்.

இந்த லெட்டர அவன்கிட்ட முழுசா படிச்சுக் காமிச்சுட்டுத்தான் அனுப்புறேன். அவன் பேர் மட்டும் வேண்டாம்னு சொல்லிட்டான், கழுவின விஷயத்த கண்டிப்பா போடச் சொன்னான்.

இப்படிக்கு,
சால்வென்ட் ஸ்டோர்ல வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒரு வாசகர்